பள்ளித் தோட்டம்: மேட்டுப்பாத்தியா, குரோ பேக்கா, முருங்கையா?

ஜூன் மாதம் பள்ளி திறந்து, பாடப் புத்தகம் கொடுத்து முடித்ததும் ஆசிரியர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். "பின்பக்கம் ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகளை வைத்துக் காய்கறி போடலாம் என்று பார்க்கிறோம். தரையில் பாத்தி போடுவதா, குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை) வாங்குவதா? மேலாண்மைக் குழுவில் ஒருவர் இரண்டும் வேண்டாம், நாலு முருங்கை வையுங்கள் போதும் என்கிறார். எது சரி?"

மண் எப்படி, விலை என்ன என்று பார்த்துத்தான் பலரும் முடிவுக்கு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது விடுமுறைப் பட்டியலை. சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு, மழை விடுமுறை, அப்புறம் கோடை. பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் பூச்சியால் அழிவதில்லை. ஆளில்லாத நாட்களில் காய்ந்துதான் அழிகின்றன.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியில் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளை மனதில் வைத்து. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

## எதை வைத்து முடிவு செய்வது?

ஏப்ரல், மே. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மறுபடி பள்ளி திறப்பதற்குள் கத்திரி வெயில் முழுவதும் வந்து போய்விடும். அந்த நாட்களில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ச்மேனோ, மதிலை ஒட்டி வீடுள்ள ஒரு பெற்றோரோ, ஒரு ஆளின் பெயர் வேண்டும். பெயர் இருந்தால் எந்த வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. இல்லையென்றால் வழிகள் குறைந்துவிடும்.

தினசரித் தண்ணீர். நல்ல வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு சுமார் 5 லிட்டர் தேவைப்படும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். நடைபாதை, வேலி ஓரம் எல்லாம் போக 25 சதுர மீட்டர் பாத்தி தேறும் என்று வையுங்கள். ஏறக்குறைய 125 லிட்டர். சருகோ வைக்கோலோ பரப்பி மண்ணுக்கு மூடாக்கு போட்டால் இதில் கணிசமாகக் குறையும்.

சமையலறைக்கு எவ்வளவு போகும்? இங்கேதான் எதிர்பார்ப்பு எகிறிவிடுகிறது. மத்திய அரசின் மதிய உணவு விதிமுறைப்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளைக்கு 50 கிராம் காய்கறி, 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு 75 கிராம். 100 தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் என்றால் ஒரு நாளைக்கு 5 கிலோ. வெண்டை நன்றாக விளைந்தால் ஒரு பருவத்தில் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை வரும். ஆக, 25 சதுர மீட்டர் முழுக்க வெண்டையே போட்டாலும் மூன்று மாதத்தில் கிடைப்பது ஐந்து முதல் ஏழு நாள் சமையலுக்கானது. தோட்டம் வந்தால் காய்கறிச் செலவு நின்றுவிடும் என்று கூட்டத்தில் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் கீரை, தினமும் கறிவேப்பிலை என்ற அளவில் சொன்னால் காப்பாற்ற முடியும்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை? ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளால் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. விதைத்த நாலாம் நாள் முளை தெரிய வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் இருப்பவர்களால் அட்டவணை போட்டு நடத்த முடியும். 10, 12-ஆம் வகுப்புகளை விட்டுவிடுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் அவர்கள் தோட்டத்துப் பக்கம் வரமாட்டார்கள், வரவும் கூடாது. அட்டவணை என்றதும் ஒன்று. சாணம் அள்ளவும் குப்பை கூட்டவும் எந்தப் பிள்ளைகள் போகிறார்கள் என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகள் கூட்டுவது, பையன்கள் மண்வெட்டி பிடிப்பது, எரு வேலை எப்போதும் சில பிள்ளைகளுக்கே போய்ச் சேர்வது, இதெல்லாம் யாரும் சொல்லாமலே அமைந்துவிடும். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வேலையைச் சுற்றிவிட்டால் அந்தச் சிக்கல் வராது. தண்டனையாகத் தோட்ட வேலை கொடுப்பதும் வேண்டாம். அதற்கப்புறம் ஆசையாக யாரும் வரமாட்டார்கள்.

ஆசிரியர் மாறினால்? பணிமாறுதல் கலந்தாய்வில் தோட்டத்தைத் தூக்கி நிறுத்திய ஒரே ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விடுவது சகஜம். அவர் போனபின் எது நிற்கும்?

| | மேட்டுப்பாத்தி | குரோ பேக் | முருங்கை, கறிவேப்பிலை வகை |
|---|---|---|---|
| கோடை விடுமுறை | மார்ச்சில் மூடிவிட்டால் கவலை இல்லை | இடம் மாற்ற வேண்டும் அல்லது காலி செய்ய வேண்டும் | வேர் பிடித்தபின் தாங்கும் |
| சனி, ஞாயிறு | மூடாக்கு இருந்தால் தாங்கும் | வெயில் காலத்தில் வாடிவிடும் | பிரச்சினை இல்லை |
| முதல் பலன் | கீரை 25 நாள், வெண்டை 45 நாள் | அதேதான் | இலை சில மாதம், முருங்கைக்காய் சுமார் 6 மாதம், கறிவேப்பிலை ஒரு வருடம் |
| பெரிய செலவு | வேலி, மண்ணைச் சீர்செய்தல் | பை, கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), ஆண்டுதோறும் உரம் | தொடக்கத்தில் குழி, கூண்டு |
| எதிர்பாராத தொல்லை | ஆடு, கட்டட இடிபாடு | கொசு, கிழிந்த பிளாஸ்டிக் | கம்பளிப்பூச்சி, முறியும் கிளை |
| மாணவர் வேலை | மிக அதிகம் | அதிகம், பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுவது | குறைவு |
| ஆசிரியர் மாறினால் | ஒரு பருவத்தில் களை மூடும் | ஒரே மாதத்தில் முடிந்தது | நிற்கும் |

## மேட்டுப்பாத்தி

இடம் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டும் ஆடிப்பட்டமும் அழகாகப் பொருந்துகின்றன. ஜூனில் பள்ளி திறக்கிறது, மண்ணைத் தயார் செய்ய ஒரு மாதம் கிடைக்கிறது, ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைப் பள்ளிக்காகவே சொன்னார்களோ என்று தோன்றும்.

பாத்தியின் அகலம் முக்கியம். பெரியவர்களுக்கு நாலடி வைக்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டரை அடி, அதிகபட்சம் மூன்றடி. அதற்கு மேல் போனால் நடுவில் இருக்கும் களையைப் பிடுங்க பாத்தியில் ஏறி மிதிப்பார்கள். உயரம் அரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைமட்டப் பாத்தி குளமாகிவிடும்.

பருவவாரியாக ஒரு வருடம் இப்படிப் போகும்:

ஜூனில் கிளறி, கல் பொறுக்கி, தொழு உரம் கலக்க வேண்டும். ஆடி பிறந்ததும் வெண்டை, கொத்தவரை நேரடி விதைப்பு. கத்தரி, மிளகாய்க்கு நாற்றங்கால், 25 முதல் 30 நாளில் பிடுங்கி நடலாம். வேலியோரம் கொடி அவரை. அவரையைக் கட்டாயம் போடுங்கள். நாட்டு ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும் என்பதால் ஆடியில் ஊன்றியது மார்கழி, தையில் காய்க்கும். அதாவது முழுப் பலனும் பள்ளி நடக்கும் காலத்திலேயே கைக்கு வரும். எந்தக் காய் பள்ளிக்கு ஏற்றது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் நான் சொல்வது அவரை.

வெண்டை வேகமானது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் காலாண்டு விடுமுறையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் நார் விழுந்துவிடும். விடுமுறை முடிந்து வந்தால் செடி முழுக்க முற்றிய காய்தான். சரி, அதை வீணாக்க வேண்டாம். செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். அடுத்த ஆடிக்கு விதை வாங்க வேண்டியதில்லை. மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தாக்கிய செடியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் புதிதாக எதையும் விதைக்காதீர்கள். கீரை விதையெல்லாம் ஒரே மழையில் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது வடிகால் வெட்டுவதும், மழைமானி வைத்து அளப்பதும்தான் வேலை. மழை ஓய்ந்ததும் முள்ளங்கி. தை பிறந்ததும் சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை, கொத்தமல்லி. சமவெளியில் கீரைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. முளைக்கீரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வரும், 25 நாளில் பிடுங்கலாம். மார்ச்சுக்குள் இரண்டு முறை எடுத்துவிடலாம். கோவை, கன்னியாகுமரி போல தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும் பகுதிகளில் ஜூன், ஜூலை வேலைகளை மழையைப் பார்த்து முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் தோட்டத்தை மூடிவிட வேண்டும். நிறையப் பேருக்கு இதைக் கேட்க மனசு வராது, "இன்னும் கத்தரி காய்க்குதே" என்பார்கள். மூடுங்கள். பள்ளி வளாகத்து வேம்பு அந்தச் சமயத்தில்தான் இலை உதிர்த்து முடிக்கும். அந்தச் சருகைக் கொளுத்தாமல் அரை அடி கனத்துக்குப் பாத்தி மேல் பரப்பிவிட்டால், ஜூனில் வந்து பார்க்கும்போது மண் இறுகாமல் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது மண். பள்ளிக்கூடத்துப் பின்பக்க மண் பெரும்பாலும் மண்ணே கிடையாது. கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டு, சிமென்ட், சுண்ணாம்பு. ஓரடி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இடிபாடு அதிகமாக இருந்தால் ஏரி வண்டலோ செம்மண்ணோ ஒரு டிராக்டர் லோடு இறக்க வேண்டியிருக்கும். பழைய பெயின்ட் உரியும் சுவரை ஒட்டிக் கீரை போட வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது வேலி. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் வேலி இல்லாமல் தோட்டம் போடுவது ஊர் ஆடுகளுக்குத் தீவனம் போடுவதுதான். பணம் இருந்தால் முதல் ரூபாயை வேலிக்குச் செலவழியுங்கள், விதைக்கு அப்புறம் பார்க்கலாம்.

## குரோ பேக்

இரண்டு விஷயத்தில் இது நிஜமாகவே மேல். தரை முழுக்க சிமென்ட் போட்ட நகரப் பள்ளிகளில் வேறு வழியே இல்லை. இன்னொன்று, நல்ல மண்கலவையோடு முதல் நாளே தொடங்கலாம், வேலி தேவையில்லை, ஒரு மாதத்தில் தலைமை ஆசிரியருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத் தொகுப்பை மானிய விலையில் கொடுப்பதுண்டு. மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். வெயிலில் ஓரடிப் பைக்கு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர். 50 பைக்கு 50 முதல் 100 லிட்டர் வரை சாதாரணமாகப் போகும். அளவைவிடப் பெரிய பிரச்சினை, ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பது. தரையில் வேர் ஆழம் தேடிப் போகும். பையில் போக இடமில்லை. வெள்ளி மாலை ஊற்றிவிட்டுத் திங்கள் காலை வந்தால் பிப்ரவரி வெயிலுக்கே தக்காளி தலை தொங்கியிருக்கும். நேர்மாறாக, வேலை நாட்களில் தண்ணீர் ஊற்ற எல்லாப் பிள்ளைகளும் போட்டி போடுவதால் ஒரே பைக்கு நாலு பேர் ஊற்றி வேர் அழுகுவதும் நடக்கும். ஒவ்வொரு பையிலும் ஒரு பெயர் எழுதிவிட்டால் இது தீரும்.

வாங்கும்போது யாரும் சொல்லாத செலவுகள்: கலவை ஒவ்வொரு பருவத்துக்கும் நாலில் ஒரு பங்கு இறங்கும், மண்புழு உரம் சேர்த்து நிரப்ப வேண்டும். பைகள் இரண்டு மூன்று வருடத்தில் வெயிலில் நொறுங்கும், பிளாஸ்டிக் துண்டு வளாகமெங்கும் பறக்கும். பைக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். தட்டு வேண்டாம், செங்கல் மேல் வையுங்கள்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பள்ளியில் வேண்டாம் என்பேன். பழைய தளத்தில் கசிவு, ஈரப் பைகளின் எடை, கைப்பிடிச் சுவரின் உயரம் என்று மூன்று கவலை. கடைசியில் பிள்ளைகளை மேலே விடவே மாட்டார்கள், ஆசிரியர் ஒருவர் மட்டும் தோட்டம் வளர்ப்பார்.

பையில் போட ஏற்றவை: கீரை, மிளகாய், கத்தரி, கொத்தமல்லி, புதினா. கொடிக் காய்களைப் பையில் போட்டுப் பந்தலும் கட்டுவதற்கு அந்த உழைப்பைத் தரையில் போடலாம்.

## முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, அகத்தி

மேலாண்மைக் குழுக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கும். நன்கு பராமரித்தால் ஒரு மரம் வருடத்துக்கு 200-க்கு மேல் காய் கொடுக்கும். பள்ளிப் பராமரிப்பில் பாதி வந்தாலும் பாத்தியால் ஈடு கொடுக்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. முருங்கைக்காய் மும்முரமாகக் காய்ப்பது கோடையில், பள்ளி பூட்டியிருக்கும்போது. காயெல்லாம் யார் பறித்தார்கள் என்று ஜூனில் பஞ்சாயத்து நடக்கும். அதனால் பள்ளி முருங்கையைக் கீரை மரமாக நினைத்து வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம். பள்ளி திறந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் குப்பென்று தழைத்து வருடம் முழுக்க இலை தரும். சத்துணவில் முட்டை ஏற்கெனவே இருக்கிறது, முருங்கைக்கீரையோடு சேர்த்துப் பொரித்தால் பிள்ளைகள் மிச்சம் வைக்க மாட்டார்கள். ஆனால் 100 பேருக்குக் கீரை உருவி ஆய்வது யார்? சமையலரிடம் முன்கூட்டியே பேசாமல் கூடையைக் கொண்டுபோய் வைத்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார். மதிய இடைவேளைக்கு முன் ஒரு வகுப்பு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

குட்டையாக வெட்டி வைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அப்பிக்கொண்டிருக்கும், மயிர் பட்டால் தோல் தடிக்கும். எட்டும் உயரத்தில் இருந்தால் ஒழிக்கலாம். கிளையும் சட்டென்று முறியும், ஏறினால் ஆபத்து. வகுப்பறை ஜன்னல், குடிநீர்க் குழாய், கழிப்பறைப் பாதை மூன்றுக்கும் தள்ளி வையுங்கள்.

கறிவேப்பிலைக்கு ஒரு வருடம் பொறுமை வேண்டும், அப்புறம் தினமும் உண்டு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தின்னும். மருந்தடிக்க ஓடாமல் ஒரு புழுவைக் கண்ணாடிப் பாட்டிலில் இலையோடு வைத்தால் அறிவியல் பாடம் கைமேல் கிடைத்துவிடும். பப்பாளி பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகும், புயலுக்குச் சாயும், ஜூனில் நட்டால் முதல் பழம் விடுமுறையை ஒட்டித்தான் வரும். தட்டு கழுவும் இடத்துத் தண்ணீருக்கு வாழையும் கல்வாழையும் போதும். 100 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு லிட்டர் என்றாலும் தினம் 100 லிட்டர் அங்கே ஓடுகிறது. எண்ணெயும் உப்பும் கலந்த தண்ணீர் என்பதால் கீரைப் பாத்திக்கு நேரே விட வேண்டாம்.

மரத் தோட்டத்தின் பெரிய குறை, பிள்ளைகளுக்கு வேலை இல்லை. குழி வெட்டிய நாளும் பறிக்கும் நாளும்தான். பாடத்தோடு இணைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது மட்டும் போதாது.

## உங்கள் பள்ளிக்கு எது?

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி, சுற்றுச்சுவர் இல்லை என்றால் நாலு முருங்கை, இரண்டு கறிவேப்பிலை, முள் கூண்டு. வேறெதுவும் இந்த வருடம் வேண்டாம்.

நடுநிலைப் பள்ளி, வேலி உண்டு, 6 முதல் 8 வகுப்புகளில் ஆர்வமுள்ள பிள்ளைகள் உண்டு என்றால் மேட்டுப்பாத்தி. ஓரமாக இரண்டு முருங்கை. ஜூலை முதல் மார்ச் வரை மட்டும்.

சிமென்ட் முற்றமுள்ள மாநகராட்சிப் பள்ளிக்கு 20 பை போதும், 50 வேண்டாம். ஏப்ரலில் பைகளைக் காலி செய்து கலவையை ஒரு மூட்டையில் கட்டி நிழலில் வையுங்கள். விரும்பும் பிள்ளைகள் ஆளுக்கொரு பையை வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அப்படிப் போன மிளகாய்ச் செடி ஜூனில் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

விடுதியோடு இருக்கும் பள்ளிகளில் சனி, ஞாயிறுகளிலும் ஆள் இருப்பதால் மூன்றையும் கலந்து வைக்கலாம். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பைகளைத் தவிருங்கள், உப்பு பையிலேயே தங்கிச் சேரும். தரையிலாவது மழை அதைக் கழுவிவிடும்.

ஜூலை முடிந்தும் முடிவுக்கு வர முடியவில்லையா? இரண்டரை அடிக்குப் பத்தடியில் ஒரே ஒரு பாத்தி எடுத்து, வேலியோரம் ஆறு அவரை விதையை மட்டும் ஊன்றிவிடுங்கள். மழை ஓய்ந்ததும் அந்தப் பாத்தியில் கீரை தூவலாம். அதற்குள் தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள், ஆடு எந்தப் பக்கமாக வருகிறது, எந்த வகுப்பு விடாமல் வருகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.